உரிமைச் சங்கங்களும் அவற்றின் நிதியும்: ஒரு வரலாற்று நோக்கு

வெள்ளி விழா மலர்களில் கழகத்தின் வரலாறும், தலைவர்களின் தொண்டும், மாணவர் பெற்ற தேர்ச்சியும் இடம்பெறுதல் மரபு. அவற்றைத் தகுதி வாய்ந்தோர் இம்மலரில் எழுதியுள்ளனர். யான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. ஒடுக்கப்பட்டோரின் உரிமைக்காகப் பேசும் சங்கங்கள் எவருடைய பணத்தில் நடந்தன, அப்பணம் அவற்றின் குரலை எப்போது வளர்த்தது, எப்போது தடுத்தது என்பதே அப்பொருள்.

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது நம் நாட்டுப் பழமொழி. மரக்காணத்து உப்பளங்களில் பாத்தி மிதித்து உப்பு வாரும் குடும்பங்களில் பிறந்த நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. உண்ட உப்பு நன்றியைக் கேட்கும். சில வேளைகளில் மௌனத்தையும் கேட்கும். மழைக்காலத்தில் முன்பணம் வாங்கியவன் கோடையில் கூலியைப் பற்றி வாய் திறக்கத் தயங்குகிறான். தனி மனிதனுக்குப் பொருந்தும் இவ்விதி சங்கத்துக்கும் பொருந்துமா? அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நம் கழகத்தின் நிதி எங்கிருந்து வருதல் வேண்டும் என்ற பேச்சு நம் கூட்டங்களில் எழுந்துள்ள இந்நாளில், இக்கேள்விக்கு வரலாறு தரும் விடையை இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

முன்னோர் காட்டிய வழி

நம் முன்னோர் இக்கேள்வியை அறியாதவர் அல்லர். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். பண்டித அயோத்திதாசர் அவர்கள் 1907 ஜூன் 19 அன்று சென்னையில் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்றே பெயரிட்டார். இதழின் விலையே அதன் பெயராயிற்று. பின்னர் 'தமிழன்' எனப் பெயர் மாறிய அவ்விதழைக் கோலார் தங்கவயல் தொழிலாளரும், கடல் கடந்து சென்ற நம் மக்களும் வாங்கிப் படித்தனர். ஒரு பைசா கொடுத்து வாங்குவோர் பலர் இருந்தமையால், எந்த ஒரு செல்வரின் முகத்தையும் நோக்கி அவர் எழுத வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் அம்பேத்கர் அவர்கள் உதவி பெறுதலை இழிவாகக் கருதியவர் அல்லர். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையில் 1913-இல் அமெரிக்கா சென்று பயின்றார். 1920-இல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கக் கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜர் துணை நின்றார். ஆனால் உதவி வேறு, ஆட்சி வேறு என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 

பூனா ஒப்பந்தத்துக்குப் பின் 1932-இல் தீண்டாமை ஒழிப்புக்கென ஓர் அகில இந்தியச் சங்கம் அமைக்கப்பட்டது. அதுவே பின்னர் அரிசன சேவா சங்கம் எனப் பெயர் பெற்றது. தொழிலதிபர் ஜி. டி. பிர்லா அதன் தலைவர். அவ்வாண்டு நவம்பரில் அம்பேத்கர் அவர்கள் அச்சங்கத்தின் செயலாளர் தக்கருக்குக் கடிதம் எழுதினார். கிணறு, பள்ளி, பொது வழி ஆகியவற்றில் தாழ்த்தப்பட்டோரின் குடியுரிமையை நிலைநாட்டும் போராட்டத்துக்கே சங்கம் முதலிடம் தரவேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். அக்கருத்து ஏற்கப்படவில்லை, சங்கத்தின் பணி பெரும்பாலும் பள்ளி, விடுதி, நல உதவி என்ற எல்லைக்குள் அமைந்தது. அது சாதி இந்துக்கள் தம் கடனைத் தீர்க்கும் அமைப்பு. ஆதலின் அதனை அவர்களே நடத்தவேண்டும் என்று நிர்வாகத்தில் நம்மவர் இடம்பெறாமைக்குக் காரணம் கூறப்பட்டது. அம்பேத்கர் அவர்கள் அச்சங்கத்தினின்றும் விலகினார். பணம் கொடுத்தவர் நல்லெண்ணம் உடையவராகவே இருக்கலாம். எனினும் எதற்காகச் செலவிடுவது என்று முடிவு செய்யும் உரிமை பெறுவோரிடம் இல்லையெனில், உரிமைப் போர் நல உதவியாகச் சுருங்கிவிடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

நெருக்கடி நிலையும் 1976-ஆம் ஆண்டும்

விடுதலை பெற்ற இந்தியாவில் ஜனநாயகம் ஒருமுறை நின்று, மீண்டும் நடக்கத் தொடங்கிய காலம் 1975 முதல் 1977 வரையிலான காலமாகும். 1975 ஜூன் 25 நள்ளிரவையொட்டி அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை 1977 மார்ச் 21 வரை நீடித்தது. மிசா சட்டத்தின்கீழ் 34,988 பேரும், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 75,818 பேரும் சிறைப்பட்டனர் என்பது ஷா ஆணையம் தந்த கணக்கு. 1976 ஏப்ரல் 28 அன்று, சிறைப்பட்டவர் ஆட்கொணர்வு மனுவும் கொண்டுவர இயலாது என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐவருள் நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று மாநில அரசு கலைக்கப்பட்டது. சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டமை பற்றிப் பின்னர் நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது.

இந்த இருட்டில்தான் மக்கள் உரிமைக்கென நாடு தழுவிய ஓர் அமைப்பு பிறந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண் அவர்களின் முயற்சியால் 1976 அக்டோபரில் புதுதில்லியில் மக்கள் சிவில் உரிமை, ஜனநாயக உரிமைக் கழகம் தொடங்கப்பெற்றது. ஆச்சார்ய கிருபளானி தொடங்கி வைத்தார். வி. எம். தார்க்குண்டே தலைவரானார். 1936-இல் நேரு முன்னின்று அமைத்த இந்திய சிவில் உரிமைக் கழகத்துக்கு இரவீந்திரநாத தாகூரும் சரோஜினி நாயுடுவும் தலைமை தாங்கினர். அந்த மரபின் மறுமலர்ச்சி எனவும் இதனைக் கூறலாம்.

அந்நாளில் ஜெயப்பிரகாஷ் அவர்கள் சிறுநீரகம் பழுதுற்று, இரத்தச் சுத்திகரிப்புக் கருவியின் துணையால் உயிர் வாழ்ந்துவந்தார். அக்கருவி வாங்குவதற்கு அவருடைய நண்பர்கள் பொதுமக்களிடம் சிறு தொகைகள் திரட்டினர். பிரதமர் இந்திரா காந்தி தம் நிவாரண நிதியிலிருந்து 90,000 ரூபாய் அனுப்பினார். ஜெயப்பிரகாஷ் அதனை ஏற்காது திருப்பிவிட்டார். தம் உயிரைக் காக்கும் பணமே ஆயினும், தாம் எதிர்த்து நின்ற ஆட்சியிடமிருந்து அதனைப் பெற அவர் விரும்பவில்லை. அவரை முன்னோடியாகக் கொண்ட கழகம் நிதி பற்றிப் பின்னாளில் வகுத்த கொள்கைக்கு இச்செயலே வித்து எனல் தகும்.

அதே 1976-இல் மற்றொன்றும் நிகழ்ந்தது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறி ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசியல் கட்சிகள், தேர்தல் வேட்பாளர், சட்டமன்ற நாடாளுமன்ற உறுப்பினர், பத்திரிகையாளர் முதலியோர் அயல்நாட்டுப் பணம் பெறுதலை அச்சட்டம் தடுத்தது. அரசியல் தன்மையுடையதென அரசு அறிவிக்கும் அமைப்புகள் முன்அனுமதி பெறவேண்டும் என்றது. உரிமை அமைப்பும், உரிமை அமைப்பின் பணப்பையைக் கண்காணிக்கும் சட்டமும் ஒரே ஆண்டில், இரண்டே மாத இடைவெளியில் தோன்றியமை கருதத்தக்கது.

மீண்ட ஜனநாயகமும் எரிந்த சேரிகளும்

1977 மார்ச்சுத் தேர்தலில் ஆட்சி மாறியது. நாடு மகிழ்ந்தது. தொடங்கிய நோக்கம் நிறைவேறிவிட்டது எனப் பலர் கருதியமையால் உரிமைக் கழகம் சோர்ந்து உறங்கலாயிற்று. முன்னணியில் நின்றோர் பலர் புதிய ஆட்சியின் நண்பர்களாயினர்.

ஆனால் நம் மக்களின் வரலாற்றில் அந்த ஆண்டுகள் மகிழ்ச்சியின் ஆண்டுகள் அல்ல. ஆட்சி மாறிய இரண்டு மாதங்களில், 1977 மே 27 அன்று, பீகார் மாநிலம் பெல்ச்சியில் பதினொருவர் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களுள் எண்மர் தாழ்த்தப்பட்டோர். 1978 ஜூலையில் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்டத் தீர்மானம் நிறைவேறியதும் அங்குள்ள தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. அதே ஜூலையில், நமக்கு அண்மையிலுள்ள விழுப்புரத்தில் தாழ்த்தப்பட்டோர் பன்னிருவர் கொல்லப்பட்டனர். நீதிபதி சதாசிவம் ஆணையம் அதனை விசாரித்தது. 1968-இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாகிப் பத்தாண்டுகளே கடந்திருந்தன.

நெருக்கடி நிலையில் சிறை சென்ற தலைவர்களுக்கு ஜனநாயகம் 1977-இல் திரும்பி வந்தது. பெல்ச்சிக்கும் விழுப்புரம் காலனிக்கும் அது வந்து சேரவில்லை. தலைவர்களின் விடுதலைக்காக எழுந்த அமைப்பு, அவர்கள் விடுதலை பெற்றதும் ஓய்ந்தது. ஓர் அமைப்பை எவர் தாங்குகின்றனரோ அவர்தம் துன்பம் தீர்ந்ததும் அமைப்பின் வேகமும் தீர்ந்துவிடுகின்றது. எனவே நம் துன்பத்துக்கான அமைப்பை நாமும் தாங்குதல் இன்றியமையாதது.

சந்தாவால் நடந்த சங்கங்கள்

1980-இல் ஆட்சி மீண்டும் மாறியபின் கழகம் விழித்தெழுந்தது. அவ்வாண்டு நவம்பர் மாநாட்டில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் என்ற பெயரில் அமைப்பு விதிகளுடன் உருப்பெற்றது. தில்லிக் கிளை 1981-இல் மக்கள் ஜனநாயக உரிமைக் கழகம் எனத் தனித்து இயங்கலாயிற்று. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உள்நாட்டு நிதி நிறுவனமாயினும் வெளிநாட்டு நிதி நிறுவனமாயினும் எதனிடமும் பணம் பெறுவதில்லை என்ற கொள்கையை மேற்கொண்டது. செலவினை உறுப்பினர்களும் பொறுப்பாளர்களும் ஏற்றனர்.

இத்தகைய ஏழைச் சங்கங்கள் என்ன சாதித்தன என்று வினவலாம். இரண்டு சான்றுகள் போதும். தில்லியில் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளரின் நிலையை மூன்று சமூக அறிவியலாளர் நேரிற் கண்டு அறிக்கை எழுதினர். மக்கள் ஜனநாயக உரிமைக் கழகம் அதனை ஒரு கடிதத்துடன் நீதிபதி பகவதிக்கு அனுப்பியது. அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என 1982 செப்டம்பர் 18 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு உப்பளத்துக்கும் செங்கற்சூளைக்கும் பொருந்தும். அடுத்து, 2001-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில், அவ்வாண்டு நவம்பர் 28 அன்று, அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் சமைத்த மதிய உணவு வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. காமராசர் காலத்திலும் பின்னர் 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் தமிழகம் கண்ட நன்மை, இவ்வழக்கால் நாடெங்கும் உரிமையாயிற்று.

எனினும் இவ்வழியின் குறையையும் மறைத்தல் கூடாது. சந்தாவால் நடக்கும் சங்கத்தில், ஊதியம் பெறாது உழைக்கக்கூடிய வழக்கறிஞரும் பேராசிரியருமே முன்னிற்க முடிகின்றது. நாள் கூலிக்குச் செல்லும் உப்பளத் தொழிலாளி ஒரு நாள் நீதிமன்றம் சென்றால் அன்றைய அடுப்பு எரியாது. பணத்தை மறுப்பது ஓரளவு வசதி உள்ளவருக்கே எளிது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

பிற நாடுகளின் பாடம்

பிற நாடுகளின் வரலாறு வேறொரு பாடத்தைத் தருகின்றது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியை எதிர்த்தோருக்கு வழக்குச் செலவும், அவர்தம் குடும்பங்களுக்கு உணவுச் செலவும் அளித்தது இலண்டனில் பாதிரியார் ஜான் காலின்ஸ் நடத்திய தற்காப்பு உதவி நிதியாகும். 1966-இல் அவ்வரசு அதனைத் தடை செய்தது. ஆயினும் இங்கிலாந்து வழக்கறிஞர்கள் வாயிலாக, அனுப்புவோர் பெயர் வெளிப்படாதவாறு, பணம் தொடர்ந்து சென்றது. 1991-இல் பணியை முடித்துக்கொள்ளும் வரை அந்நிதி வழங்கிய தொகை ஏறத்தாழ 10 கோடி பவுண்டு எனக் கணக்கிடப்படுகின்றது. அப்பணம் இல்லையேல் பலர் வழக்கறிஞர் இன்றியே தூக்குமேடை ஏறியிருப்பர். 1974-இல் அந்த அரசும் தான் குறிப்பிடும் அமைப்புகள் அயல்நாட்டுப் பணம் பெறுவதைத் தடுக்கச் சட்டம் செய்தது என்பதையும் ஒப்பு நோக்குக.

சிலி நாட்டில் இராணுவ ஆட்சியின்போது கர்தினால் சில்வா என்ரிக்கேஸ் 1976-இல் நிறுவிய ஒருமைப்பாட்டு மன்றம், உலகத் திருச்சபைகளின் உதவியால் காணாமற் போனோரின் விவரங்களை ஏடு ஏடாகத் திரட்டியது. 1990-இல் ஜனநாயகம் மீண்டபின் அமைந்த உண்மை அறியும் ஆணையத்துக்கு அவ்வேடுகள் பெரிதும் பயன்பட்டன.

ஆனால் இரு நாடுகளிலும் ஜனநாயகம் வந்ததும் ஈகையின் திசை மாறியது. தென்னாப்பிரிக்காவில் 1994-க்குப் பின் அயல்நாட்டு நிதியின் பெரும்பகுதி புதிய அரசுக்குச் சென்றது. மக்கள் அமைப்புகள் பல மெலிந்தன. கொடுங்கோன்மை வீழ்ந்ததும் கொடையாளர் தம் பணி முடிந்தது என்று கருதுகின்றனர். வறியவரின் பணியோ அப்போதுதான் தொடங்குகின்றது.

தலித் உரிமையும் அயல்நிதியும்

நம் நாட்டிலும் தலித் உரிமைக் குரல் உலக அரங்கு ஏறியதில் அயல்நிதிக்குப் பங்கு உண்டு. 1998-இல் தலித் மனித உரிமைகளுக்கான தேசியப் பிரச்சார இயக்கம் தோன்றியது. 2001-இல் டர்பன் நகரில் நடந்த ஐ.நா. மாநாட்டில் சாதிக் கொடுமை பேசப்பட்டது. இந்திய அரசு அதனை விரும்பவில்லை. 2002-இல் ஐ.நா. இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு, பிறப்பு வழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் எனப் பரிந்துரைத்தது. இவ்வெற்றியைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றியன்று.

எனினும் மடையின் கதவு அரசின் கையில் இருந்தது. காந்தி அமைதி நிறுவனம் முதலியவற்றை விசாரிக்க 1982-இல் குதால் ஆணையம் அமைக்கப்பட்டது. 1984-இல் அயல்நிதி பெறும் சங்கங்கள் பதிவு பெறுதல் கட்டாயமாயிற்று. 2010-இல் பழைய சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டம் வந்தது. 2020 திருத்தத்தால் நிர்வாகச் செலவு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஒரு சங்கம் பெற்ற நிதியை மற்றொரு சிறு சங்கத்துக்குப் பகிர்ந்தளித்தலும் தடுக்கப்பட்டது. மதுரையில் இயங்கும் மக்கள் கண்காணிப்பகத்தின் அனுமதி 2012-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. 2016-இல் புதுப்பிக்க மறுக்கப்பட்டது. குசராத்தில் தலித் மக்களிடையே பணியாற்றிய நவசர்ஜன் அறக்கட்டளையின் பதிவு 2016 டிசம்பரில் நீக்கப்பட்டது. அதன் பணியாளர் பலரை விடுவிக்க நேர்ந்தது.

இதற்கு மாறாக, அரசியல் கட்சிகள் அயல்நாட்டுத் தொடர்புடைய நிறுவனங்களிடம் பெற்ற நன்கொடை பற்றி வழக்கு எழுந்தபோது, 2018-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் விதி தளர்த்தப்பட்டது. அத்தளர்வு 1976 ஆகஸ்ட் 5 முதலே செல்லும் எனவும் விதிக்கப்பட்டது. கட்சிகளுக்கு நாற்பத்திரண்டு ஆண்டுகள் பின்னோக்கிக் கருணை. மக்கள் அமைப்புகளுக்கு ஆண்டுதோறும் கடுமை. இளைஞர்கள் இதனை மனத்திற்கொள்க.

பணம் கொடுப்பவர், அதனைக் கையாளுபவர், அதனால் வாழ்பவர் ஆகிய மூவரும் வேறுவேறாக இருப்பின் பூசல் எழும் என்பதற்கு நம் அண்டையிலேயே சான்று உண்டு. 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய ஆரோவில் நகருக்கு நிதி திரட்டும் பொறுப்பு ஸ்ரீ அரவிந்தர் சங்கத்திடம் இருந்தது. 1973-இல் அன்னை மறைந்தபின் சங்கத்துக்கும் நகரவாசிகளுக்கும் வழக்கு மூண்டது. நிதி நிர்வாகத்தில் கடும் ஒழுங்கீனங்கள் இருந்ததாக மத்திய அரசு அமைத்த குழு கண்டது. 1980-இல் அவசரச் சட்டமும் பின் நாடாளுமன்றச் சட்டமும் வந்தன. 1982-இல் உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. உயர்ந்த இலட்சியம் உடையோரிடையேயும் கணக்கு தெளிவாக இல்லையெனில் இறுதியில் அரசே வந்து பூட்டைத் திறக்கும்.

நாம் செய்யத்தக்கவை

மேற்கூறிய வரலாற்றிலிருந்து யான் பெற்ற கருத்துகளை இளைஞர் முன் வைக்கின்றேன்.

முதலாவது, எது நின்றாலும் நம்மால் தாங்க இயலுமோ அதற்கு வெளி உதவியைப் பெறலாம். கட்டடம், நூல், கணினி, உயர்கல்விக்கு ஒருமுறை உதவி ஆகியவை இத்தகையன. எது ஒரு நாளும் நிற்றல் கூடாதோ அது நம் சந்தாவால் நடத்தல் வேண்டும். தாக்கப்பட்டவருக்குத் துணை நிற்றல், சாட்சியை நீதிமன்றம் அழைத்துச் செல்லுதல், மனு எழுதுதல், நடந்ததை நடந்தவாறே பதிவு செய்தல் ஆகியவை இவ்வகையின. 2013 ஏப்ரலில் மரக்காணத்தில் நம் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டபோது உண்மை அறியும் குழுக்கள் வெளியூர்களிலிருந்து வந்து எழுதின. அவர்களுக்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் அவர்கள் வந்து சேருமுன் எழுதத்தக்கவர் நம் தெருவிலேயே இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, சட்டம் தந்த பணத்தை வெட்கமின்றிக் கேட்டுப் பெறுதல் வேண்டும். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளின்படி, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பயணப்படியும் நாட்படியும் அரசு தரவேண்டும். இது ஈகையன்று; உரிமை. கூலியை இழந்து நீதிமன்றம் செல்லும் தொழிலாளியின் அடுப்புக்கு இதுவே முதல் விறகு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்கீழ் ஒரு மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அதுவும் இல்லை.

மூன்றாவது, சந்தா எவ்வளவு சிறிதாயினும் எல்லாரும் செலுத்துதல் வேண்டும். பெருந்தொகை தரும் ஒருவரினும் சிறுதொகை தரும் நூறு குடும்பங்கள் கழகத்துக்குப் பாதுகாப்பு. ஆண்டுதோறும் வரவு செலவு தெருக் கூட்டத்தில் உரக்கப் படிக்கப்படுதல் வேண்டும். எந்தப் பெண்மணியும் எழுந்து கணக்குக் கேட்கும் நிலை இருத்தல் வேண்டும். வெளியிலிருந்து கொடுப்பவருக்கு நன்றியும் இரசீதும் உண்டு. நிர்வாகக் குழுவில் வாக்கு இல்லை என்பது எழுதப்பட்ட விதியாதல் வேண்டும்.

நம் கழகம் உப்பளத்திலும் வயலிலும் உழைப்போர் கொடுத்த சந்தாவால் தழைத்தது. அக்காசில் அவர்தம் வியர்வையின் உப்பு இருக்கின்றது. உள்ளளவும் நினைக்க வேண்டிய உப்பு அதுவே. அடுத்த கால் நூற்றாண்டில் எவரிடம் கைநீட்டினாலும், அவ்வுப்பிட்டோர் முன் வாய் அடைத்து நிற்கும் நிலை நம் கழகத்துக்கு நேராதவாறு காக்கும் பொறுப்பினை இளைஞர்கள் ஏற்பார்களாக.